புள்ளறிந்த புலமை: மா. கிருஷ்ணன் வாழ்வும் பணியும்

தமிழ்க் கவிதை தோன்றிய நாள்தொட்டுப் பறவைகளும் அதனுள் வாழ்ந்து வருகின்றன. நிலந்தோறும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்தே வகுத்தது தொல்காப்பியம். நாரை எந்த நீரில் நின்றது, எதைத் தின்றது, எம்மரத்தில் தங்கியது என்பனவற்றைக் கண்டறிந்து பாடியவர்கள் சங்கப் புலவர்கள். பின்வந்த காலங்களில் இந்த நேரறிவு மெல்லத் தேய்ந்தது. குயிலும் கிளியும் அன்னமும் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பறந்தன. மரக்கிளையிலிருந்து நேரே செய்யுளுக்கு வந்தவை குறைந்துபோயின.

20ஆம் நூற்றாண்டில் மீண்டும் அந்த மரத்தடிக்குச் சென்று, பல்லாண்டுகள் காத்திருந்து, கண்டதைக் கண்டவாறே எழுத்திலும் புகைப்படத்திலும் பதித்தவர் மா. கிருஷ்ணன். இயற்கையியலாளர், புகைப்படக் கலைஞர், ஓவியர், கட்டுரையாளர் எனப் பல நிலைகளில் இந்திய நாடெங்கும் மதிக்கப்பெற்ற அவரைத் தமிழ் இலக்கிய உலகம் நன்கறிந்தது அவர் மறைவுக்குப் பின்னரே. அவர் வாழ்வை எண்ணிப் பார்ப்பது கவிஞர்களுக்குப் பலவகையில் பயன் தரும்.

தந்தையும் மகனும்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலால் தமிழ் உரைநடை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவர். அரசின் உப்பு, சுங்க இலாகாவில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் சென்னை மயிலாப்பூரில் இருந்துகொண்டு 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழை நடத்தியவர். அவருடைய எட்டு மக்களுள் இளையவர் கிருஷ்ணன். தமையனார் மா. அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். ஆங்கிலத்தில் நாவலும் எழுதினார். அறிவியலை எளிய தமிழில் தந்த பெ. நா. அப்புஸ்வாமியும் இக்குடும்பத்தின் உறவினரே. எழுத்தும் கல்வியும் வீட்டுக் காற்றில் கலந்திருந்த சூழல் அது.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசி அமர்ந்த மாதவையா அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. தமிழுக்காகப் பேசிய பேச்சே தந்தையின் இறுதிப் பேச்சாயிற்று என்பது மகனின் வாழ்வைப் பற்றிச் சிந்திப்போர் மறக்கவியலாத செய்தி. ஏனெனில் அம்மகனின் வாழ்நாள் எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தது.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றுள்ள மயிலாப்பூர் அன்று. புதர்க்காடுகள் மண்டிய வெளிகள் வீடுகளை அடுத்தே இருந்தன. நரிகளும் வெளிமான்களும் அங்குத் திரிந்தன. பறவைகளுக்கோ கணக்கில்லை. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். இந்து உயர்நிலைப் பள்ளியில் கற்ற பாடங்களுக்கு ஈடாக இந்தப் புதர்வெளியும் அவனுக்குப் பள்ளியாக விளங்கிற்று.

கல்லூரியும் மலையும்

1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த கிருஷ்ணன் 1931இல் பட்டம் பெற்றார். பின்னர் முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எப். பைசன், தென்னிந்திய மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் சென்று வந்த பயணங்கள் கிருஷ்ணனின் பார்வையை உருவாக்கின. பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையையும் அவர் கற்றார்.

இப்பயிற்சியின் பயனைச் சிறிது விரித்துரைக்கலாம். ஒரு செடியை வரைபவன் அதன் இலை எதிரெதிராக அமைந்துள்ளதா மாறிமாறி அமைந்துள்ளதா, காம்பு உண்டா இல்லையா, பூவிதழ் எத்தனை என்பனவற்றைக் கண்டாக வேண்டும். காணாததை வரைய இயலாது. பொதுவாக ஒரு பச்சைச் செடி என்று தூரிகை எழுதிவிட முடியாது. பிற்காலத்தில் கிருஷ்ணன் எடுத்த விலங்குப் படங்களில் விலங்கைச் சுற்றியுள்ள புல்லும் புதரும் அத்துணைத் தெளிவாக அமைந்ததற்கும், வனவிலங்கு என்ற சொல்லுக்குள் தாவரத்தையும் சேர்த்தே அவர் எண்ணியதற்கும் இந்த மலைப் பயணங்களே வித்து எனலாம்.

பட்டங்கள் இருந்தும் நிலையான வேலை எளிதில் வாய்க்கவில்லை. அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி எனச் சில இடங்களில் குறுகிய காலம் பணியாற்றினார். சிற்றிதழ்களில் எழுதினார், கேலிச் சித்திரங்கள் வரைந்தார். 1937இல் இந்துமதி அம்மையாரை மணந்தார்.

சந்தூர் ஆண்டுகள்

1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கோர்ப்படே மரபினர் ஆண்ட சிற்றரசு அது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அடுத்தடுத்து ஏற்றார். அவ்வேலைகளுக்கிடையே ஆடு மேய்த்துப் பார்த்தார். அஞ்சல் கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்தார். குன்றும் புதரும் சூழ்ந்த அந்நிலத்தில் நடந்து, கண்டவற்றைக் குறித்து, பத்திரிகைகளுக்கு எழுதினார். 'தி இந்து' நாளிதழில் இசட் என்ற ஒற்றை எழுத்துப் புனைபெயரிலும் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. அந்த அரச குடும்பத்து இளவல் எம். ஒய். கோர்ப்படே பிற்காலத்தில் அரசியலில் மட்டுமன்றி வனவிலங்குப் புகைப்படக் கலையிலும் புகழ்பெற்றார் என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

1949இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 40ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, குடும்பமும் இருந்தது. அத்தகைய நிலையில் எவரும் நிலையான சம்பளத்தையே நாடுவர். அவரோ மாதச் சம்பளத்தை நாடாமல், எழுத்தையும் படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தியைத் தொடங்கினார். 1996இல் மறையும்வரை, 46 ஆண்டுகள், அதை எழுதி வந்தார். இந்தியப் பத்திரிகை வரலாற்றில் ஒருவரே இத்துணை நீண்ட காலம் இயற்கையைப் பற்றி எழுதிய பத்தி அரிது. பலமுறை அப்பத்திக்கு அவர் வரைந்த கோட்டோவியமே அணி சேர்த்தது.

அப்பத்தியின் பொருள் புலியும் யானையும் மட்டும் அல்ல. வீட்டுச் சுவரில் ஊரும் பல்லி, முற்றத்து அணில், காக்கை, மைனா, வேலியோரச் செடி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. பெருங்காட்டைக் காணும் அதே கூர்மையோடு கொல்லைப்புறத்தையும் கண்டார். 1961இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பிலேயே காடும் கொல்லையும் அருகருகே நிற்கின்றன.

கருப்பு வெள்ளைப் படங்கள்

கிருஷ்ணன் தம் வாழ்நாள் முழுதும் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வண்ணப் படச்சுருள் பரவலாகக் கிடைத்த காலத்திலும் அவர் மாறவில்லை. அவருடைய காமிராவோ எந்தக் கடையிலும் விற்காதது. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதி, வேறொன்றின் தொலைநோக்கு வில்லை, எங்கெங்கோ சேகரித்த உறுப்புகள் ஆகியவற்றைத் தாமே பொருத்தி உருவாக்கியது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ தம் நூலில் இந்த விந்தைக் கருவியை நகைச்சுவையோடு வருணித்துள்ளார்.

பறவையை இனங்காண்பதில் நிறம் முதன்மையானது என்பது பொதுவான எண்ணம். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பெரும் பயன் விளைவித்ததற்கு அதன் வண்ணப் படங்களும் ஒரு காரணம். அவ்வாறிருக்க, நிறமே பதியாத படத்தைக் கொண்டு ஒரு பறவையை எவ்வாறு அடையாளம் காட்டுவது? விடை பறவையின் வடிவில் உள்ளது. வானில் வட்டமிடும் கரும்பருந்தின் வால் நுனியில் பிளவுபட்டிருக்கும். கருடன் எனப்படும் செம்பருந்தின் வாலோ வளைந்து முடியும். நெடுந்தொலைவில் இரண்டும் கருநிழலாகவே தெரியும்போது நிறம் உதவாது, வால்தான் உதவும். மின்கம்பியில் அமர்ந்த கரிச்சானை அதன் பிளந்த நீள்வால் காட்டிக்கொடுக்கும். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும். நத்தைகுத்தி நாரை கழுத்தை நீட்டிக்கொள்ளும். நிற்கும் நிலை, நடக்கும் நடை, அலகின் அமைப்பு, இறக்கையின் வீச்சு ஆகியவற்றைக் கருப்பு வெள்ளைப் படம் எவ்விதக் கவனச் சிதறலும் இன்றிக் காட்டவல்லது. ஓவியத்தில் பயின்ற கண்ணுக்கு இந்த வடிவ மொழி இயல்பாகவே வாய்த்தது.

அந்நாளில் பறவையைப் படமெடுப்பது எளிதன்று. படச்சுருளின் ஒளியுணர் திறன் குறைவு. சிறு பறவையின் சிறகடிப்பு ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளும் கலங்கிவிடும். எடுத்த படம் தேறியதா என்பது இருட்டறையில் கழுவிப் பார்த்தபின்தான் தெரியும். ஆகவே அழுத்துவதற்கு முன் பறவை அடுத்து என்ன செய்யும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவு நீண்ட காத்திருப்பினால் மட்டுமே வரும். கருவியின் நுட்பத்தைப் பற்றிக் கிருஷ்ணன் பெரிதும் கவலைப்பட்டதில்லை. படத்தில் உள்ள உயிரின் உண்மையே அவருக்குப் பொருட்டு.

கோடையில் புள் காணல்

சென்னையின் கோடை மனிதரை வீட்டுக்குள் அடைக்கும். பறவை காண்பவனுக்கோ அதுவே கற்கும் பருவம். நண்பகல் வெயில் படத்துக்குப் பகை: அவ்வொளியில் வெண்கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகும், நீர்க்காகம் வெறும் கரித்துண்டாகும். காலை இளவெயிலும் மாலைச் சாய்வெயிலுமே உதவும். ஆனால் இலையுதிர்ந்த கிளைகளும் வற்றிய குட்டைகளும் பறவையை மறைக்காமல் காட்டும். முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் கோடைநாளில் எஞ்சிய நீர்நிலையருகே காத்திருப்பவன், மழைக்காலத்தில் காண இயலாதவற்றையும் காண்பான்.

கோடை பார்வையை ஏமாற்றவும் வல்லது. பல பறவைகளுக்கு அது இனப்பெருக்கக் காலம், உடை மாறும். மாடுகளோடு திரியும் வெண்ணிற உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் பொன்னிறம் கொள்ளும். மண்ணிறத்தில் குந்தியிருக்கும் மடையானின் முதுகு அடர்செந்நிறமாகும். முன்பு கண்டவையே என்று அறியாதவன் இவற்றைப் புதிய இனங்கள் எனக் குறித்துவிடுவான். மரவுச்சியில் இருந்து செம்புத் தகட்டைத் தட்டுவதுபோல் நண்பகலெல்லாம் ஒலிக்கும் குக்குறுவான், தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் ஒலி திசைமாறி வருவதுபோல் தோன்றும். தேடுபவன் தேடிக்கொண்டே இருப்பான்.

குயிலைப் பற்றிய செய்தி கவிஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. கோடையில் விட்டுவிட்டு உயர்ந்தெழும் அக்கூவலைப் பெண்குரலாகக் கொண்டு எழுதுவது வழக்கம். உண்மையில் அவ்வாறு கூவுவது கருநிற ஆண். பெண்ணின் உடல் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. அதன் குரல் கரகரத்த விரைவொலி. அது காக்கையின் கூட்டில் முட்டையிடும். குயிலின் பருவமும் காக்கை கூடு கட்டும் பருவமும் ஒன்றுபடுவது இதனாலேயே. இவ்வுண்மையை அறிவதால் குயிலின் இனிமை குறைந்துவிடாது. கூவும் ஆணும், காக்கைக் கூட்டருகே பதுங்கும் பெண்ணும், அறியாமல் ஊட்டும் காக்கையும் சேர்ந்த அந்த நாடகம் எந்தக் கற்பனைக்கும் இளைத்ததன்று.

வேடந்தாங்கலும் மண்ணுரிமையும்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கல் ஏரி கிருஷ்ணனின் உள்ளம் கவர்ந்த இடங்களுள் ஒன்று. சுமார் 30 எக்டேர் பரப்புள்ள இச்சிற்றேரியில் மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். கோடை முற்றி நீர் வற்றும்போது குஞ்சுகளோடு பறந்துவிடும். சட்டம் வருவதற்கு முன்பே இப்பறவைகளைக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்கள். வேட்டைக்காரரைத் தடுக்கும் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில அதிகாரியிடமிருந்து எழுத்தில் பெற்றவர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அனுபவத்தில் கண்டவர்கள். அந்த ஏரியையும் பறவைகளையும் பற்றிக் கிருஷ்ணன் எழுதியவை இன்றும் பயன்படுகின்றன.

ஒரு நாட்டின் தனித்தன்மை மாறிக்கொண்டேயிருக்கும் மனிதப் பண்பாட்டைவிட அதன் நில அமைப்பிலும் தாவரங்களிலும் விலங்குகளிலுமே ஊன்றியுள்ளது என்பது அவர் கொள்கை. இக்கொள்கையால் அழகுக்காக அயல்நாட்டு மரங்களைச் சாலைகளில் நடுவதை அவர் எதிர்த்தார். புங்கும் வேம்பும் இருக்க வேற்று மரம் எதற்கு என்னும் அவரது வாதம் அக்காலத்தில் பலருக்குப் பிடிவாதமாகத் தோன்றியது. மண்ணுக்குரிய மரங்களை நட வேண்டும் என்று இன்று பலர் கூறும்போது, அரை நூற்றாண்டுக்கு முன் அவர் தனிக்குரலாக நின்றது நினைவுக்கு வருகிறது.

1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் வெளியிடப்பெற்றது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்து அரசுக்கு ஆலோசனை கூறினார். பதவிக்காகவோ பட்டத்துக்காகவோ தம் கருத்தை மென்மையாக்கிக்கொண்டவர் அல்லர்.

தமிழில் அவர் தந்தவை

கிருஷ்ணன் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதினார் என்னும் எண்ணம் பிழையானது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பறவைகள் குறித்த கட்டுரைகளை அவர் எழுதினார். கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவோன் ஒரு பறவையின் அளவு, உருவம், குரல், உணவு, கூடு ஆகியவற்றைச் சுருங்கச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லும் மிகலாகாது. அதற்கு முதலில் பெயர் வேண்டும். உழவரும் வேட்டுவரும் மீனவரும் வழங்கிய பெயர்கள் இருக்க, ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்துப் புதிது புனைய வேண்டியதில்லை. வக்கா, உள்ளான், கௌதாரி, செம்போத்து, கொண்டலாத்தி என்னும் பெயர்கள் ஒவ்வொன்றிலும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்களின் அறிவு தங்கியுள்ளது. அப்பெயர் வழக்கிழந்தால் அவ்வறிவும் உடன் மறையும்.

'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் நாவலையும் அவர் தமிழில் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் சு. தியடோர் பாஸ்கரன் அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக்கினார். 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்னும் நூல் பெருமாள்முருகனின் பதிப்பாக வந்தது. இவ்விரு நூல்களையும் பயில்வோர், அலங்காரம் இல்லாத, துல்லியமான, மெல்லிய நகை இழையோடும் தமிழ் உரைநடை ஒன்றைக் காண்பர். மாதவையாவின் மகன் தந்தையின் மொழியைக் கைவிடவில்லை என்பதற்கு அவை சான்று. எனினும் அவர் ஆங்கிலத்தில் 46 ஆண்டுகள் எழுதியதில் ஒரு பங்கேனும் தமிழில் எழுத இடம் அமைந்திருந்தால் என்ற ஏக்கம் எழாமல் இராது. தொடர்ந்து எழுத அவருக்குப் பத்தி தந்தது தொலைதூரக் கல்கத்தாவின் ஆங்கில நாளிதழே. தமிழ் இதழுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் கிருஷ்ணன் காலமானார். அவர் சிறுவயதில் கண்ட மயிலாப்பூர்ப் புதர்வெளிகள் அதற்கு நெடுநாள் முன்பே மறைந்துவிட்டன. வெளிமானும் நரியும் போயின. ஆயினும் தையல்சிட்டும் தேன்சிட்டும் குக்குறுவானும் செம்போத்தும் நகரத்துத் தோட்டங்களில் இன்றும் உள்ளன. பெயர் அறியாப் பறவை ஒன்று பாடியது என்று எழுத நேரும்போது, எழுதுகோலைச் சற்றே வைத்துவிட்டு வெளியே சென்று அப்பறவை எது என்று பார்த்துவருவது கவிஞருக்கு இயலாத செயலன்று. கிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான்.